நான்கு சொற்களில் முடிந்துபோகும் வழி: கோடைச் சுற்றுலாப் பட்டியல்களை வாசித்தல்

ஏப்ரல் பிறந்தால் சென்னையில் இரண்டு விஷயங்கள் தவறாமல் வந்துவிடும். ஒன்று மாங்காய். இன்னொன்று "ஒரே நாளில் போய்வர பத்து இடங்கள்". முன்பு வார இதழ்களின் இணைப்பாக வரும், இப்போது பெரும்பாலும் யூடியூபில் வருகிறது. சில ஆண்டுகளாக இவற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டு வருகிறேன். கிழித்து வைத்த தாள்கள் கொஞ்சம், சேமித்து வைத்த சுட்டிகள் நிறைய. ஊர் சுற்றும் ஆசையில் ஆரம்பித்ததுதான். போகப்போக, இவற்றை ஒரு தனி எழுத்து வகையாகவே வாசிக்கத் தோன்றியது. ஏனென்றால் யார் எழுதினாலும், எந்த வருஷம் எழுதினாலும், இலக்கணம் மாறுவதே இல்லை.

முதல் வரியில் தூரம்: சென்னையிலிருந்து இத்தனை கிலோமீட்டர். அடுத்து ஒரு துளி வரலாறு, அநேகமாகப் பல்லவர். அதன்பின் "குடும்பத்தோடு பொழுதைக் கழிக்க ஏற்ற இடம்". பிறகு படம். எப்படிப் போவது என்பதற்குக் கடைசியில் ஒரு வரி இருக்கும்: "பேருந்து, ரயில் வசதி உண்டு." நான்கு சொற்கள். இந்த நான்கு சொற்களைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

என்னிடம் கார் இல்லை. பெரிய கொள்கையெல்லாம் கிடையாது, வாங்கவில்லை, அவ்வளவுதான். இந்த நகரத்தில் பெரும்பாலான வீடுகளில் கார் இல்லை. ஆனால் அந்த வீடுகளிலும் பள்ளி விடுமுறை உண்டு, மே மாதம் உண்டு, "எங்கேயாவது கூட்டிட்டுப் போங்களேன்" என்று நச்சரிக்கிற பிள்ளைகள் உண்டு. பட்டியல்களை வாசிப்பவர்களிலும் அவர்கள்தான் அதிகம் இருக்க வேண்டும். எழுதப்படுவதோ இன்னொருவருக்காக.

கிலோமீட்டரிலிருந்து ஆரம்பிப்போம். காஞ்சிபுரத்தை எல்லாப் பட்டியலும் எழுபத்தைந்து கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம் என்று போடும். சாலையில் அது சரி. ரயில் பாதை அப்படி நேராகப் போவதில்லை. செங்கல்பட்டு வரைக்கும் தெற்கே இறங்கி, அங்கிருந்து அரக்கோணம் போகிற கிளைப் பாதையில் வடமேற்காகத் திரும்பும். கடற்கரை நிலையத்தில் ஏறினால் இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. செங்கல்பட்டு வரை வண்டிக்குப் பஞ்சமில்லை, அதைத் தாண்டிப் போகிற வண்டிகள் ஒரு நாளைக்கு எண்ணிச் சொல்லும் அளவுதான். கார் இல்லாதவருக்குக் காஞ்சிபுரத்தின் தூரம் கிலோமீட்டரில் இல்லை, கால அட்டவணையில் இருக்கிறது. காலை வண்டியைத் தவறவிட்டவருக்கு அது ரொம்ப தூரம். பிடித்துவிட்டவருக்கு, ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தபடி, இரண்டு டீ குடிக்கிற காசில் போய்ச் சேரும் ஊர்.

இன்னொன்றையும் எந்தப் பட்டியலும் சொல்வதில்லை. நம் புறநகர் மின்ரயில்களில் கழிப்பறை கிடையாது. கடற்கரை–தாம்பரம் மின்சார வண்டி ஓடத் தொடங்கியது 1931இல். அது குறுகிய பயணத்துக்கான ஏற்பாடு. அதே ஏற்பாட்டை நீட்டி நீட்டி செங்கல்பட்டு, திருமால்பூர், வடக்கே சூலூர்பேட்டை வரை கொண்டுபோய்விட்டோம். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் போகிற வண்டியில் சர்க்கரை நோய் உள்ள பெரியவரையும் ஐந்து வயதுக் குழந்தையையும் அழைத்துக்கொண்டு போகிறவருக்கு, எந்த நிலையத்தில் இறங்கினால் பூட்டாத கழிப்பறை இருக்கும் என்ற தகவல், அந்தக் கோயிலை எந்த மன்னன் கட்டினான் என்ற தகவலைவிடப் பெரியது. 2025 ஏப்ரலில் குளிர்சாதன மின்ரயில் வந்தது. கட்டணம் சாதாரண வண்டியைவிடப் பல மடங்கு. வெயிலுக்கு நல்லதுதான்.

சரி, காஞ்சிபுரத்தில் இறங்கிவிட்டோம் என்று வையுங்கள். மணி பத்தரை ஆகியிருக்கும். கோயில்கள் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்திவிடும். மறுபடி திறக்க மாலை நான்கு. ராஜசிம்மப் பல்லவன் கட்டிய கைலாசநாதர் கோயிலுக்கும் இதே கதைதான். அது ஊரின் மேற்கு ஓரத்தில், நிலையத்திலிருந்து ஆட்டோ பிடித்துப் போகிற தூரத்தில் இருக்கிறது. அந்தக் கோயிலைப் பார்ப்பது என்றால் சுற்று மதிலை ஒட்டி வரிசையாக இருக்கும் சின்னச் சின்னக் கோட்டங்களை ஒவ்வொன்றாக நின்று பார்ப்பது. நடப்பது திறந்த வெளியில், வெறுங்காலோடு. மே மாதம் பதினொரு மணிக்கு அந்தத் தரையில் கால் வைத்துப் பார்த்தவர்கள் "குடும்பத்தோடு பொழுதைக் கழிக்க" என்று எழுத மாட்டார்கள். ஓவியத்தின் மிச்சங்களைத் தேடிக்கொண்டு நிற்க முடியாது. ஓட வேண்டியிருக்கும்.

அப்புறம் நடை சாத்திய பிறகு? பன்னிரண்டரைக்கும் நாலுக்கும் நடுவில் மூன்றரை மணி நேரம் இருக்கிறதே, அங்கேதான் இந்தப் பட்டியல்களின் உண்மையான ஆசிரியர் தலைகாட்டுகிறார். அவர் பெயர் கார். கார் என்பது ஒரு வண்டி மட்டும் இல்லை, கூடவே வருகிற ஒரு அறை. அதில் நிழல் இருக்கிறது, குளிர்ச்சி இருக்கிறது, பை வைக்க இடம் இருக்கிறது, குழந்தை தூங்க இடம் இருக்கிறது. ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு ஏசியைப் போட்டுக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடலாம். அந்த அறையோடு போகிறவருக்கு மத்தியானம் என்று ஒரு பிரச்சினையே இல்லை. அதனால்தான் பட்டியலில் மத்தியானமே வருவதில்லை. கார் இல்லாதவர்கள் அந்த மூன்றரை மணி நேரத்தை எங்கே வைப்பது? பட்டுச் சேலைக் கடையில் வைக்கலாம், வாங்காமல் ரொம்ப நேரம் உட்கார முடியாது. ரயில் நிலைய நடைமேடையில் வைக்கலாம். பலர் அதைத்தான் செய்கிறார்கள்.

முரண் என்னவென்றால், மாமல்லபுரத்துச் சின்னங்கள் நடுப்பகலில் மூடுவதில்லை. கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதங்களும் தொல்லியல் துறையின் டிக்கெட் இடங்கள், காலையிலிருந்து மாலை வரை திறந்திருக்கும். கடல் காற்றும் உண்டு. ஆனால் அங்கே ரயில் கிடையாது. கிழக்குக் கடற்கரைப் பாதை என்று பல வருஷமாகப் பேச்சு மட்டும் ஓடுகிறது. ரயில் போகிற ஊரில் மத்தியானம் கதவு மூடியிருக்கிறது, கதவு திறந்திருக்கிற ஊருக்கு ரயில் இல்லை. இந்த ஒரு வரியை யாராவது எழுதியிருந்தால், நான் சேர்த்த பட்டியல்களில் பாதியைத் தூக்கிப் போட்டிருப்பேன்.

கோடை என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். தலைப்பில் "கோடைக் கொண்டாட்டம்" என்று போட்டுவிட்டு உள்ளே வேடந்தாங்கல். பறவைகள் அங்கே வருவது நவம்பர் வாக்கில் மழைக்குப் பிறகு. ஏரியில் தண்ணீர் இருக்கிறவரை இருக்கும், மார்ச்சுக்கு மேல் கூட்டம் கலையத் தொடங்கிவிடும். மே மாதம் போனால் காய்ந்த ஏரியையும் கண்காணிப்புக் கோபுரத்தையும் பார்த்துவிட்டு வரலாம். பழவேற்காட்டில் பூநாரைகள் என்பதும் இதே மாதிரிதான், அது பனிக்கால விஷயம். டிசம்பரில் எழுதியதை மே மாதத்துக்குத் தலைப்பு மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று வாசிக்கும்போதே தெரிகிறது. காரில் போனவருக்கு அரை நாள் ஏமாற்றம், அடுத்த இடத்துக்கு வண்டியைத் திருப்பிவிடுவார். மதுராந்தகம் பக்கம் ரயில் இறங்கி, பஸ் மாறி, குழந்தைகளோடு போய்ச் சேர்ந்த குடும்பத்துக்கு அது அந்த வருஷத்து விடுமுறை.

வெயிலின் புவியியலும் எங்கேயும் இல்லை. கடற்கரை நகரத்தின் கோடை ஒரு காற்றை நம்பி இருக்கிறது. மதியத்தையொட்டிக் கடல் காற்று உள்ளே வந்தால் மெரினாவும் மயிலாப்பூரும் தப்பித்துக்கொள்ளும். மேற்குக் காற்று வலுத்து அதைத் தடுத்துவிட்டால் நகரமே கொதிக்கும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. கடலிலிருந்து உள்ளே போகப் போக அந்தக் காற்று தாமதமாகத்தான் வந்து சேரும், காஞ்சிபுரம் அரக்கோணம் பக்கம் சாயங்காலம் ஆகிவிடும். அப்படியென்றால் கத்திரி வெயிலில் சென்னைவாசியை மேற்கே அனுப்புவது, குளிர்ச்சியிலிருந்து சூட்டுக்கு அனுப்புவது. கோடைக்கென்று எழுதுகிறவர்கள் முதலில் போட வேண்டிய கோடு இது: கடலோரமாக வடக்கும் தெற்கும் போகலாம், மேற்கே போவதென்றால் விடியற்காலையில் போய்ப் பதினோரு மணிக்குள் திரும்புகிற வண்டியில் ஏறிவிட வேண்டும்.

"இதெல்லாம் ஒரு பத்திரிகைத் துணுக்கில் எதிர்பார்க்கலாமா?" என்று கேட்கலாம். எதிர்பார்க்கலாம். இதைவிட நன்றாகச் செய்த முன்னோடி இருக்கிறது. தென்னிந்திய ரயில்வேக்காக ஹிக்கின்பாதம்ஸ் 1900இல் வெளியிட்ட படங்களுடன் கூடிய வழிகாட்டி ஒன்று இணையத்திலேயே ஸ்கேன் வடிவில் கிடைக்கிறது. ஆங்கிலத்தில்தான். அது நிலையம் நிலையமாகப் போகும். ஒவ்வொரு நிலையத்துக்கும் தங்கும் இடம், நிலையத்திலிருந்து ஊருக்குள் போக என்ன வண்டி கிடைக்கும், நிலையத்தில் என்னென்ன வசதி, திருவிழாக்கள் எப்போது என்றெல்லாம் சொல்லிவிட்டு, பார்க்க வேண்டிய இடங்களுக்கு அதன்பிறகுதான் வரும். அந்த வரிசையை கவனியுங்கள். ஜட்கா கிடைக்குமா, மாட்டு வண்டிதானா என்பது கோபுரத்துக்கு முன்னால் வருகிறது. கார் என்ற எண்ணமே இல்லாத காலத்தில் எழுதியதால், பயணி ரயிலிலிருந்து இறங்கி நடைமேடையில் நிற்கிற ஆளாகவே அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தார்.

அந்த நூலைக் கொண்டாட வேண்டியதில்லை. சத்திரத்தில் யாருக்கு இடம், யாருக்கு இல்லை என்பதைச் சாதி வாரியாக, வெள்ளைக்காரருக்குத் தனியாக, கூச்சமே இல்லாமல் அச்சடித்த நூல் அது. ஆனால் அதிலும் ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது. யார் உள்ளே வரலாம் என்று அந்த நூல் வெளிப்படையாக எழுதியது. இன்றைய பட்டியல் அதை எழுதுவதில்லை. தூரத்தைக் கிலோமீட்டரில் போட்டுவிட்டு "வாகன நிறுத்துமிடம் உண்டு" என்று முடிப்பதிலேயே யாருக்கான ஊர் என்பது தெரிந்துவிடுகிறது.

யூடியூப்காரர்களைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். "ஐநூறு ரூபாயில் ஒரு நாள்" வகை காணொளிகளை எடுக்கிற பையன்கள் அச்சுப் பட்டியல்களைவிட எவ்வளவோ மேல். எந்த நடைமேடை, எந்தப் பக்கம் வெளியே வர வேண்டும், ஷேர் ஆட்டோவுக்கு எவ்வளவு, கண்டக்டர் என்ன சொன்னார், எல்லாம் இருக்கும். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்து, தெற்கே போகிற வண்டிகள் அங்கே மாறியபோது, அந்தக் குழப்பத்தை விளக்கியவர்கள் இவர்கள்தான். அச்சுப் பட்டியல்கள் அதற்குப் பிறகும் "கோயம்பேட்டிலிருந்து பேருந்துகள்" என்றே எழுதிக்கொண்டிருந்தன. பேருந்து நிலையம் திறந்தபோது அதற்கென்று ஒரு ரயில் நிலையம்கூட இல்லை என்ற கூத்தையும் நான் முதலில் பார்த்தது ஒரு காணொளியில்தான்.

குறை எங்கே என்றால், அந்தப் பையன்கள் எப்போதும் தனியாகவோ நண்பர்களோடோ போகிறார்கள். கழிப்பறை அவர்களுக்கு ஒரு கேள்வியே இல்லை. இருட்டிய பிறகு ஒரு கிலோமீட்டர் நடந்து பஸ் நிறுத்தத்துக்கு வருவது அவர்களுக்கு சாகசம், காணொளியில் இசையோடு வரும். ஒரு பெண் தன் அம்மாவோடும் மகளோடும் அதே சாலையில் நடப்பதை அந்தக் கேமரா நினைத்துப் பார்ப்பதில்லை. இத்தனைக்கும் 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. சென்னையின் கடைக்கோடி வரை பிங்க் பஸ்ஸில் காசில்லாமல் போகலாம் என்பது, என் பார்வையில், இந்த நகரத்தில் சுற்றிப் பார்த்தல் என்ற விஷயத்துக்கு நடந்த மிகப் பெரிய மாற்றம். எங்கள் தெருவில் நான்கு பெண்கள் மாதம் ஒருமுறை இப்படிக் கிளம்பிப் போகிறார்கள், புளிசாதம் கட்டிக்கொண்டு. அவர்களுக்கு வேண்டிய பட்டியல் எளிது: எந்தத் தடத்தில் சாதாரண பஸ் ஓடுகிறது, எங்கே எக்ஸ்பிரஸ் மட்டும்தான், இறங்கும் இடத்தில் நிழலும் தண்ணீரும் கழிப்பறையும் இருக்கின்றனவா. அப்படி ஒன்றை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அவர்களாகவே ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். என் கோப்பில் இருக்கிற எதைவிடவும் அது நல்ல சுற்றுலா நூல்.

கார் இல்லாமல் போனால் எதுவும் குறைந்துவிடுகிறது என்றும் நான் நினைக்கவில்லை. சில ஊர்கள் ரயிலில் போகிறவருக்குத்தான் கிடைக்கும். செங்கல்பட்டு–காஞ்சிபுரம் பாதையில் பழையசீவரம் என்று ஒரு சின்ன நிலையம். அங்கே இறங்கிப் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் அக்கரையில் திருமுக்கூடல், பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேருகிற இடம். அங்கே உள்ள பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழனின் பதினோராம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயிலோடு சேர்ந்த ஆதுலசாலை, அதாவது மருத்துவமனை, அதில் பதினைந்து படுக்கைகள், மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருபவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், யாருக்கு எவ்வளவு நெல், எந்தெந்த மருந்து இருப்பில் இருக்க வேண்டும் என்று கணக்குப் பிள்ளை மாதிரி வெட்டி வைத்திருக்கிறார்கள். இதை எந்தக் கோடைப் பட்டியலிலும் நான் கண்டதில்லை. காரில் போகிறவர் அந்தச் சாலையில் எண்பதில் பறந்துவிடுவார். ரயில்தான் அங்கே நிற்கிறது. நடக்கிற தூரம்தான். மே மாதம் என்றால் முதல் வண்டியில் போங்கள், குடையோடு. ஆறு மணலாகத்தான் இருக்கும்.

வண்டலூர் உயிரியல் பூங்காவும் அப்படித்தான், ரயிலில் இறங்கி நடந்தே போய்விடலாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை மட்டும் மறக்கக் கூடாது. அதைப் பற்றி எல்லோரும் எழுதியாகிவிட்டது.

கடைசியாகப் பழவேற்காடு. கடலோரமாக வடக்கே போகிற திசை என்பதால் கோடைக்குப் பொருத்தமான ஊர். கும்மிடிப்பூண்டி வண்டியில் பொன்னேரியில் இறங்கி பஸ் ஏற வேண்டும். டச்சுக்காரர்கள் பதினேழாம் நூற்றாண்டில் கோட்டை கட்டி வியாபாரம் செய்த இடம். கோட்டை போய்விட்டது, கல்லறைத் தோட்டம் இருக்கிறது. கற்களில் செதுக்கிய எலும்புக்கூடுகள் காலை வெளிச்சத்தில் பார்க்க வேண்டியவை. ஆனால் இந்த ஊரைப் பற்றி எழுதுகிற முக்கால்வாசிப் பேர் "படகு சவாரி" என்று ஒரு வரி போடுகிறார்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், குழந்தைகள் உள்பட. அந்த வரியை எழுதுகிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம். தெரிந்துகொள்ளாமல் அந்த வரியை எழுதக் கூடாது. பாதுகாப்பு உடை இல்லாமல், எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ணாமல் கூப்பிடுகிற எந்தப் படகிலும் ஏறாதீர்கள், எவ்வளவு குறைந்த காசு சொன்னாலும்.

மற்றபடி, காலை ஒன்பதுக்குள் போய்ச் சேர்ந்தால் கல்லறைத் தோட்டம், பழைய பள்ளிவாசல் தெரு, மீன் இறங்கும் இடம் எல்லாம் பார்த்துவிட்டு வெயில் ஏறுமுன் சாப்பாட்டுக் கடைக்கு வந்துவிடலாம். தண்ணீர் கையில் இருக்கட்டும். பொன்னேரியில் பஸ் ஏறும்போதே திரும்பி வர கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொன்னதற்கு முந்தைய வண்டியில் ஏறிவிடுங்கள்.